பிந்தி வருகிறவரின் இலை

ஒரு மலையைச் சுற்றி ஒரு நடைபாதை இருந்தது. சுற்றி முடிக்கப் பத்து நாள் ஆகும். இடையில் ஒன்பது தங்கல்கள். தங்கல் என்றதும் சத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்கு ஒதுங்க ஒரு பாறைக் குடை, பக்கத்தில் தண்ணீர், மூன்று கல் கூட்டிய அடுப்பு. அவ்வளவுதான்.

பாதை தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் ஒன்றேதான். அங்கே ஓர் ஓட்டு வீடு. அதில் உலகம்மாள் என்கிற அம்மாள் இருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. காவி கிடையாது, கழுத்தில் கொட்டை கிடையாது. மலையை முப்பத்தாறு தடவை சுற்றியவள் என்பது ஒன்றுதான் அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது. கேள்வியோடு யார் வந்தாலும், "நடந்துட்டு வாங்க, பொறவு பேசலாம்" என்பாள். நடந்து வந்தவர்களில் சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் வைதுவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் அவள் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு நாள் ஆவுடையப்பன் வந்தார். அறுபத்திரண்டு வயது. கனத்த சரீரம். கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர். வலது முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள், அம்மை போட்டதுபோல.

"என்ன வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"தனியா இருக்கப் படிக்கணும் தாயி."

"அதுக்கு ஏன் இம்புட்டுத் தூரம்? வீட்டுக் கதவைச் சாத்தினாப் போதுமே."

"ஒரு வருஷமா சாத்திப் பாக்கேன். முடியலை."

அவர் சொன்னார். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். தொழிலைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய அண்டாவை இறக்குகிற தெம்பு கையில் இல்லை. நாற்பது வருஷம் கூச்சலும் புகையுமாக வாழ்ந்த மனுஷனுக்கு, வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கே மேளச் சத்தம் கேட்கிறதோ அங்கே போய் நிற்பார். அழைப்பு இல்லாத கல்யாணம். தெரியாத முகங்கள். ஆனாலும் பந்திச் சத்தம் கேட்டால் மூச்சு சீராகும்.

"ஒரு மண்டபத்துல பந்தியில உக்காந்துட்டேன் தாயி. இலையில சோறு விழுந்தாச்சு. மேனேஜர் வந்து தோளைத் தொட்டு, 'பெரியவரே, நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா'ன்னு கேட்டான். நான் எந்திரிச்சேன். அதே மண்டபத்துல நான் எத்தனை ஆயிரம் இலைக்குப் பரிமாறியிருக்கேன்! அன்னிக்கு முடிவு பண்ணினேன். இனி ஒருத்தரையும் தேடிப் போகக் கூடாது. தனியா இருக்கப் படிக்கணும். படிச்சுட்டா இங்கனயே ஒரு மூலையில கிடந்துடுவேன். படிக்க முடியலைன்னா, பழையபடி அந்த வீட்டுக்குத்தான் போகணும். அந்தக் குழாயும் நானும்."

உலகம்மாள் கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்தாள்.

"கல்யாணச் சமையல்ல சோறு மிஞ்சினா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"மிஞ்சுறது வேற, ஒதுக்குறது வேற." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் பேச்சு வந்ததும் குரல் மாறிவிட்டது. "எல்லாப் பந்தியும் முடிஞ்ச பொறவு, அண்டாவைச் சுரண்டுறதுக்கு முன்னால, ஒரு இலைச் சோறு தனியா ஒதுக்கிடணும். பிந்தி வர்றவருக்கு. பஸ்ஸைத் தவற விட்டவரு இருப்பாரு, சண்டை போட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டுப் பொறவு மனசு மாறி வர்றவரு இருப்பாரு. வந்து நிக்கும்போது இல்லைன்னு சொல்லக் கூடாது. அந்த இலைச் சோத்தைச் சமையல்காரன் தொடவும் கூடாது, கட்டிக்கிட்டுப் போகவும் கூடாது. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரு போட்ட சட்டம். நாப்பது வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லை."

"யாரும் வராமப் போனா?"

"காக்கா தின்னட்டும், நாய் தின்னட்டும். ஒதுக்குறதுதான் நம்ம வேலை."

உலகம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"சரி. நடந்துட்டு வாங்க."

"நான் தனியா இருக்கப் படிச்சுட்டேனா இல்லையான்னு யாரு சொல்லுவா?"

"நீங்களே சொல்லுங்க."

ஆவுடையப்பன் யோசித்தார். பிறகு அவராகவே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். "ஒருத்தனுக்கு மட்டும் ஆக்கி, ஒருத்தனா உண்டு, சட்டியைக் கழுவிக் கவுத்தணும். அப்படிச் செஞ்சுட்டா நான் படிச்சுட்டேன்னு அர்த்தம். சரிதானா?"

"உங்க பரீட்சை. உங்க சட்டி."

மறுநாள் காலை அவள் அரிசி அளந்து கொடுத்தாள். பத்து நாளைக்கு, ஓர் ஆளுக்கு, ஆனால் தாராளமாக. புளி, வத்தல், பருப்புப்பொடி. உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டி, இருந்த உப்பெல்லாம் கொடுத்தாள். அவர் தன் பழைய அடுப்படித் துண்டின் மூலையைக் கிழித்து அதில் உப்பை வைத்து முடிந்துகொண்டார். சமையல்காரர் முடிச்சு. ஈரக் கையால் ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். எல்லாம் அவர் மகனுடைய பழைய காலேஜ் பைக்குள் போனது.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் உலகம்மாள். "இந்தப் பாதையில திரும்பி நடக்கக் கூடாது. எதை விட்டுட்டுப் போனாலும் விட்டது விட்டதுதான்."

"சரி தாயி."

"மெதுவாப் போங்க. மலை எங்கேயும் ஓடிடாது."

அவர் போனார்.

முதல் நாள் முழுக்கத் தோள்தான். பை வார் சதைக்குள் இறங்கியது. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வீசிய தோள், இந்தச் சின்னப் பைக்கு முனகியது. "அது பத்து எட்டுத் தூரம்டா, இது பத்து நாள் தூரம்" என்று தோளுக்குச் சமாதானம் சொன்னார். வாய்விட்டுச் சொன்னார். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார்.

முதல் தங்கலில் சோறு ஆக்கினார். உலையில் அரிசி போடும்போது கை தானாக ஓர் ஆள் அளவு கூடுதலாக அள்ளியது. சோறு குழைந்துவிட்டது. நூறு படி அரிசிக்குப் பதம் தெரியும், இரண்டு பிடிக்குத் தெரியவில்லை. உண்டு முடித்துச் சட்டியைப் பார்த்தார். ஓர் இலைச் சோறு இருந்தது. கை அதை எடுத்துக் காட்டு வாழை இலையில் வைத்துப் பொதிந்து, பாறை மேல் வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லையும் ஏற்றிவிட்டது.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏ மடையா, இந்தக் காட்டுல பிந்தி வர்றவன் எவன்?"

ஆனால் ஒதுக்கியது ஒதுக்கியதுதான். அதை எடுத்து உண்ண மனசு வரவில்லை. காலையில் அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

இரண்டாம் நாள் இறக்கம். முழங்கால் இரண்டும் காய்ச்சிய எண்ணெய் விட்டதுபோல எரிந்தன. ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் தங்கலைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் கேட்டதெல்லாம் ஓடைச் சத்தம் மட்டும். அது சொட்டவில்லை, ஓடியது. குழாய்ச் சத்தம் போல நெஞ்சை இடிக்கவில்லை. இது ஏன் என்று யோசித்துக்கொண்டே சமைத்தார். அன்றைக்கும் ஓர் இலை ஒதுங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மழை. மழையோடு அட்டை. செருப்பு வாருக்குள், கால் விரலிடுக்கில், வேட்டி மடிப்பில் எல்லாம் அட்டை. ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் சுருண்டு விழும். அன்று சாயங்காலத்துக்குள் உப்பு முடிச்சு நனைந்து கட்டியாகிவிட்டது. குதிகாலில் பெரிய கொப்புளம். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டு வைத்தார். நீர் நூல் வழியாகக் கசியும், தோல் கிழியாது. எவனோ ஒரு லாரி டிரைவர் எந்தக் காலத்திலோ சொன்னது.

அந்த வலியில் சமைத்தாரா, நனைந்த உப்பில் ஒரு பெரிய கட்டி சட்டியில் விழுந்துவிட்டது. எடுப்பதற்குள் கரைந்தும் போனது. "ஆவுடையப்பன் சோத்துல உப்புக் கூடிப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்து உண்டு முடித்தார். ஒரு பங்கு ஒதுங்கியது. மிச்ச உப்பை முடிச்சோடு பாறையில் காய வைத்தார்.

காலையில் அதை மறந்துவிட்டு நடந்தார்.

இரண்டு மலைத் திருப்பம் தாண்டிய பிறகு ஞாபகம் வந்தது. நின்றார். திரும்பிப் போனால் ஒரு மணி நேரம். எடுத்து வந்தால் இன்னொரு மணி நேரம். திரும்பி நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே. சமையல்காரனை உப்பில்லாமல் ஏழு நாள் விடுகிறாளே மகராசி என்று வைதார். வைதுகொண்டே முன்னால் நடந்தார்.

அன்று காட்டு நெல்லிக்காயைக் கல்லில் தட்டி, வத்தலோடு சோற்றில் பிசைந்தார். உப்பில்லை என்பதை நாக்கு மறக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் ஏமாந்தது.

நான்காம் நாளிலிருந்து பேச்சு பெருகிவிட்டது. மரங்களோடு, கொப்புளத்தோடு, அங்கே இல்லாத தன் கையாட்களோடு. "ஏ சொடலை, தேங்காய் துருவியாச்சா? சாம்பாருக்குப் பருப்பு ஏத்துடே!" என்று ஒரு வளைவில் நின்று உரக்கச் சொன்னார். மேலே ஒரு கருமந்தி "ஹூம்" என்றது.

"ஹூம்னா என்னடே அர்த்தம்? துருவியாச்சா, இல்லையா?"

கருமந்தி வேறு கிளைக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் காடு முடிந்து புல்மேடு வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். காற்று. ஒரு மரம் இல்லை, பேச ஒரு மந்தி இல்லை. பாதி வழியில் அவருக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. கால் வலிக்கு அழவில்லை, பெண்சாதியை நினைத்தும் அழவில்லை. மண்டபத்தில் மேனேஜர் தோளைத் தொட்ட இடம் மட்டும் சூடாக இருந்தது. அன்றைக்கு அங்கே அழாமல் எழுந்து வந்ததுதான் இங்கே வந்து அழுகிறதோ என்று நினைத்தார். நடந்துகொண்டே அழுதார். நிற்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? மூக்கைச் சிந்திவிட்டு, "ம், முடிஞ்சுதா?" என்று தன்னையே கேட்டார். முடிந்திருந்தது. வயிறு பசித்தது. கன்னத்தில் இறங்கிய கண்ணீர் உதட்டில் பட்டது. உப்பு! அதை நக்கிக்கொண்டு சிரித்தார்.

ஆறாம் நாள் ஒரு விசித்திரம் நடந்தது. காலையில் தங்கலை விட்டுக் கிளம்பியவர், உச்சி வேளைக்கு ஒரு சுனையில் தண்ணீர் மொள்ளும்போதுதான் சுதாரித்தார். இவ்வளவு நேரம் எங்கே இருந்தோம்? தோள் ஞாபகம் இல்லை, முழங்கால் ஞாபகம் இல்லை, பேசவும் இல்லை. கால் பாட்டுக்கு நடந்திருக்கிறது. நடந்தவர் யார்? அவருக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு, அது மறுபடி நடக்குமா என்று ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டபோது நடக்கவில்லை.

ஏழாம் நாள் முகட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வந்த வழியைப் பார்த்தார். பார்க்கலாம், நடக்கத்தானே கூடாது. வெகு தூரத்தில், முந்தின முகட்டில் ஒரு புள்ளி. கரடியோ, கருகிய மரக்கட்டையோ. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தார். பை மிகவும் லேசாக இருந்தது. தினமும் இரண்டு ஆளுக்கு ஆக்கினால் ஓர் ஆள் அரிசி எத்தனை நாள் வரும்? கடைசி இரண்டு நாளும் கஞ்சிதான். அது மட்டும் இல்லை. ஏழு நாள் ஆகிவிட்டது, ஒரு நாள்கூட ஒருத்தனுக்கு ஆக்க முடியவில்லை. பரீட்சையில் தினமும் தோல்வி. இப்படியே போனால் பத்தாம் நாள் பஸ் ஏறி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தக் குழாய் காத்திருக்கும்.

"நாளைக்குப் பாரு" என்று தன் கையிடம் சொன்னார். அன்றைய இலையை ஒதுக்கிய கை, ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

எட்டாம் நாள் அவர் ஜெயித்தார்.

உலை வைக்கும்போது இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஓர் ஆள் அளவு அரிசி விழுந்ததும் கையை வெளியே இழுத்துப் பையை முடிந்துவிட்டார். ஆக்கினார். உண்டார். ஒட்டியிருந்த பருக்கையை வழித்து நக்கினார். சட்டியைக் கழுவினார். பாறை மேல் கவிழ்த்தார்.

சட்டி கவிழ்ந்த சத்தம், 'டங்' என்று, மலை முழுக்கக் கேட்டதுபோல இருந்தது.

பிறகு சத்தமே இல்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பயம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வெளிச்சம் மெதுவாக இறங்கியது. "தாயி, நான் படிச்சுட்டேன்" என்று இருந்த இடத்திலிருந்தே உலகம்மாளிடம் சொன்னார். அப்படி ஒரு தூக்கம் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் பாறையைப் பார்த்தார். இலை இல்லை, கல் இல்லை, பளிச்சென்று இருந்தது. அது ஒரு சந்தோஷம். வேகமாக நடந்தார். வேகமாகத்தான் நடந்தார், ஆனால் எதையோ விட்டுவிட்டு வந்ததுபோலப் பத்து எட்டுக்கு ஒரு தரம் பையைத் தடவிப் பார்த்தார். தீப்பெட்டி இருந்தது. சட்டி இருந்தது. செம்பு இருந்தது. எதையும் விடவில்லை.

அன்று சாயங்காலமும் ஓர் ஆளுக்குத்தான் ஆக்கினார். அதில் தவறில்லை. இலையில் போட்டு உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தார். இன்னொரு கவளம். அதுவும் அப்படித்தான்.

கடைசியில் இருந்த சோற்றை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைப் பொதிந்து பாறை மேல் வைத்துக் கல்லை ஏற்றினார். மீதிப் பாதி விறுவிறு என்று தொண்டையில் இறங்கியது. அரை வயிறுதான் நிறைந்தது.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றார்.

பத்தாம் நாள் மதியம் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: 'உள்ளே அரிசி இருக்கிறது. இருங்கள். வந்துவிடுவேன்.'

ஆவுடையப்பன் குளித்தார். துணியைத் துவைத்துக் காயப் போட்டார். பையை மறுபடி கட்டி வாசலில் வைத்தார். ஊருக்குப் போகிற பஸ் மலையடிவாரத்துக்குத் தினமும் ஒரு நடை வரும். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் உலகம்மாள் வந்தாள். பின்பக்கம் வழியாக, நொண்டிக்கொண்டு வந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி?"

"வந்துட்டேன் தாயி. நீங்க முதல்ல உக்காருங்க. முகமே சரியில்லையே. எப்போ சாப்பிட்டீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பசித்த முகம் அவருக்குத் தெரியும். அடுப்பைப் பற்ற வைத்துக் கஞ்சி காய்ச்சினார். மூன்று கிண்ணத்தில் ஊற்றினார். அவளுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. மூன்றாவதை மூடி மூலையில் தள்ளி வைத்தார்.

"அது யாருக்கு?" என்றாள் உலகம்மாள்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதைத்தான் சொல்ல வந்தேன். நான் தோத்துட்டேன் தாயி. எட்டாம் நாள் ஒரு நாள்தான் ஜெயிச்சேன். ஒருத்தனுக்கு ஆக்கி, ஒருத்தனா உண்டு, சட்டியைக் கவுத்தினேன். என்ன ஒரு நிம்மதி அன்னிக்கு! மறுநாளே பழைய குருடி கதவைத் திறடிதான். ஒரு ஆள் சோத்தைப் பிச்சு, பாதியை ஒதுக்கிட்டேன். ஆளே இல்லாத காட்டுல! இந்தக் கைக்குத் தனியா இருக்க வராது. பையைக் கட்டிட்டேன். பஸ்ஸுக்குப் போறேன்."

"போகலாம். முதல்ல கஞ்சியைக் குடிங்க. உப்பு?"

"உப்பு ஏது தாயி? ஜாடியைத்தான் எனக்குத் தட்டிக் கொடுத்துட்டீங்களே. நானும் அதை மூணாம் தங்கல்ல விட்டுட்டு வந்து, ஏழு நாளா—"

உலகம்மாள் மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அடுப்படித் துண்டின் மூலை. மஞ்சள் கறை. சமையல்காரர் முடிச்சு.

ஆவுடையப்பன் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணாம் நாள் சோத்துல உப்புத் தூக்கல்" என்றாள் உலகம்மாள். "நாலாம் நாள் நெல்லிக்காய் போட்டுச் சமாளிச்சுட்டீங்க."

"தாயி..."

"முத நாள் குழைஞ்சு போச்சு. அஞ்சாம் நாள்லேருந்து பதம் நல்லா வந்துது."

அவர் முடிச்சை ஓர் இழுப்பில் அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு, உப்பை எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ ஏழாம் நாள் முகட்டுல தெரிஞ்சது?"

"என்ன தெரிஞ்சுது?"

"கரடின்னு நினைச்சேன்."

உலகம்மாள் சிரித்தாள். "என்னை நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்காங்க. கரடின்னு நீங்கதான் சொன்னீங்க."

"மலையை முப்பத்தாறு தடவை சுத்தினதாச் சொல்லுவாங்களே..."

"இதோட முப்பத்தேழு. முத தடவை மட்டும்தான் முன்னால ஒருத்தரும் இல்லாம நடந்தேன்."

"அப்போ நான் தனியாவே நடக்கலை!" ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. "பத்து நாள்! கால் தேய, தோள் தேய! தனியா இருக்கேன்னு நினைச்சு அழுதேன், சிரிச்சேன், மந்திகிட்ட வம்பளந்தேன். எல்லாம் பொய்யா?"

"அழுதப்போ நான் இருந்தேனா?"

அவர் யோசித்தார். "இல்லை."

"நான் வந்து சேரும்போது நீங்க இருந்தீங்களா?"

"இல்லை."

"சோறு இருந்துது" என்றாள் உலகம்மாள். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள். தன் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டாள்.

ஆவுடையப்பன் கஞ்சியைக் கலக்கினார். குடிக்கவில்லை. அவருக்குள் ஏதோ ஒரு கணக்கு மெதுவாக ஓடியது. அவர் அவளுடைய தோள் பையைப் பார்த்தார். ஒரு கம்பளி, ஒரு செம்பு. அது தட்டையாகக் கிடந்தது.

"யார் பின்னால போனாலும் அரிசி கொண்டு போவீங்க, இல்லையா?"

"கொண்டு போவேன்."

"சட்டி?"

"சட்டியும்தான்."

"இந்தத் தடவை?"

"கொண்டு போகலை."

"ஏன் தாயி?"

"நாப்பது வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் பிந்தி வர்றவ. எனக்கு என்னத்துக்கு அரிசி?"

வெளியே காயப் போட்ட வேட்டி காற்றில் படபடத்தது. ஆவுடையப்பன் விரல் விட்டு நாட்களை எண்ணினார்; எட்டில் நின்றார். அவர் கேட்கப் பயந்தார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எட்டாம் நாள்?"

உலகம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எட்டாம் நாள் நீங்க ஜெயிச்சீங்க அண்ணாச்சி. நான் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தேன்."

ஆவுடையப்பன் எழுந்தார். வாசலில் கட்டி வைத்திருந்த பையை எடுத்து உள்ளே வைத்தார்.